மேற்படி ஆசை

போன வாரம் என் மனைவி என்னைக் கரையில் உட்கார வைத்துவிட்டு ஆற்றுக்குள் போய்விட்டாள்.

பதறாதீர்கள். பரிசலில்தான் போனாள். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். ஆற்றில் தண்ணீரும் குறைவு. நான்தான் பதறினேன்... அது வேறு கதை. இல்லை, அதுதான் கதை.

முதலில் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து வந்த எங்கள் மாப்பிள்ளை ஒரு பென் டிரைவ் நிறையப் பழைய ஆங்கிலத் தொடர் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எழுபதுகளில் தொடங்கிய தொடர். நடுக்கடலில் ஒரு தீவு. தீவில் ஒரு விடுதி. வாரா வாரம் ஒரு குட்டி விமானம் தண்ணீர் மேல் வந்து இறங்கும். ஆளுக்கு ஓர் ஆசையோடு சிலர் அதிலிருந்து இறங்குவார்கள். வெள்ளைக் கோட்டு சூட்டில் ஒருவர் காத்திருந்து வரவேற்பார். யாருக்கு என்ன ஆசை என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். நிறைவேற்றியும் வைப்பார். நிறைவேறிய பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கும்!

நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டில் இப்போது சாயங்காலம் என்றால் இந்தத் தீவுதான். என் மனைவி வசந்தாவுக்கு ஆங்கிலம் ஓடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வேன். சொல்லிக்கொண்டே பொருமுவேன்.

பொருமாமல் என்ன செய்வது? முப்பத்தாறு வருஷம் தாலுகா ஆபீஸில் மனுக்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். இந்தத் தீவில் விண்ணப்பப் படிவம் கிடையாது. ஸ்டாம்பு கிடையாது. மூன்று நகல் இணைப்பு கிடையாது. 'தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரி பதில்கூடக் கிடையாது. நேரடியாக ஆசை... நேரடியாக நிறைவேற்றம்! நடுவில் ஒரு குமாஸ்தா இல்லாமல் ஒரு தீவை எப்படி நிர்வாகம் செய்ய முடியும்?

"ஏங்க, அந்த வெள்ளைக் கோட்டுக்காரரு ரிட்டயர்டே ஆவ மாட்டாருங்களா?" என்று கேட்டாள் வசந்தா ஒரு நாள்.

"ஏன்?"

"இல்ல... நீங்க ரிட்டயர்டு ஆனப்புறந்தான் எனக்கு வேல ஜாஸ்தி ஆச்சு. அவரு வூட்டம்மா நெலமைய நெனச்சேன்."

தொடர் முடிந்த பிறகும் சில நாள் அவள் எழுந்திருக்க மாட்டாள். அணைந்துபோன டிவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். இட்லிக்கு ஊறப்போட்டதை ஆட்ட வேண்டுமே என்ற யோசனை என்று நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

இதற்கிடையில் எங்கள் கல்யாண நாள் வந்தது. பென்னாகரம் தாண்டி, காவிரிக் கரையில் ஒரு சின்ன ரிசார்ட். மகள் இரண்டு நாளுக்கு அறை பதிவு செய்துவிட்டாள். ரிசார்ட்டிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்தது.

படிவத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். பழக்கதோஷம். முதல் விருந்தினர், இரண்டாம் விருந்தினர் என்று மேலும் கீழுமாக இரண்டு வரி. பெயர், வயது, சைவமா அசைவமா, சர்க்கரை உண்டா... கடைசியில் ஒரு கட்டம். 'உங்கள் ஆசை ஒன்று. முடிந்தால் நிறைவேற்றுவோம்.'

என் கட்டத்தில் எழுதினேன்: 'ஆற்றைப் பார்த்த அறை. அமைதி. காலையில் தமிழ், ஆங்கில நாளிதழ்கள்.'

அதற்குக் கீழே வசந்தாவின் கட்டம். வசந்தா சமையலறையில் இருந்தாள். இரண்டு எட்டு வைத்திருந்தால் கேட்டிருக்கலாம். குரல் கொடுத்திருந்தால்கூடப் போதும். நான் என்ன செய்தேன்? கை பாட்டுக்கு எழுதியது — 'மேற்படி'.

அரசாங்க எழுத்தில் இதைவிடச் சிக்கனமான சொல் கிடையாது. மேலே இருப்பதே கீழேயும். ஊர் — மேற்படி. தாலுகா — மேற்படி. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையே நிரப்பிவிடலாம். கல்யாணமான நாளிலிருந்து எத்தனை படிவத்தில் என் பெயருக்குக் கீழே வசந்தாவுக்கு மேற்படி போட்டிருப்பேன்! ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இது வந்தது.

ரிசார்ட் வாசலில் மேனேஜர் கோவிந்தராஜ் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். வசந்தா என் விலாவில் இடித்தாள். "அவரேதானுங்க!" என்று கிசுகிசுத்தாள். கண்ணில் அப்படி ஒரு சிரிப்பு.

கோவிந்தராஜ் போனைப் பார்த்து வாசித்தார். "சாரோட ஆசை... ஆத்தப் பாத்த ரூமு, அமைதி, ரெண்டு பேப்பரு. எல்லாம் ரெடிங்க சார். அம்மாவோட ஆசை..." விரலால் திரையைத் தள்ளினார். நெற்றி சுருங்கியது. "மேற்படின்னு போட்டிருக்குதுங்க. அப்ப அம்மாவுக்கும் தனியா ரெண்டு பேப்பருங்களா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"நான் பேப்பரு கேட்டேனுங்களா?"

"அது ஒரு நடைமுறை, வசந்தா..."

அவள் மேனேஜரிடம் திரும்பினாள். "தம்பி, இப்ப மாத்திக்கலாமுங்களா?"

"தாராளமா சொல்லுங்கம்மா."

ஆற்றைக் கை காட்டினாள். நடு ஆற்றில் ஒரு திட்டு. கொஞ்சம் பாறை, கொஞ்சம் மணல், இரண்டு மருத மரம். அவ்வளவுதான்.

"அங்க போவணும். நான் மட்டும். ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்புடக் கூடாது."

எனக்குப் புரியவில்லை. "அங்க என்ன இருக்கு?" என்றேன்.

"ஒண்ணும் இல்லைங்க. அதுக்குத்தான்."

அறைக்கு வந்த பிறகு அவளே பேசினாள். "யோசிச்சுப் பாருங்க. நான் வெளிய போனதெல்லாம் என்னாத்துக்கு? கல்யாணம், காதுகுத்து, துக்கம், ஆஸ்பத்திரி. இன்னைக்கு வரைக்கும் காரணம் இல்லாம ஒரு எடத்துக்குப் போனதில்லைங்க. அந்தத் தீவைப் பாக்கறப்பல்லாம் அதான் தோணும்."

பயணப்படி பில்லில் ஒரு கட்டம் உண்டு — 'பயணத்தின் நோக்கம்'. அதைக் காலியாக விட்டால் பில்லை அப்படியே திருப்பி அனுப்புவோம். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் ஒரு பயணத்தைத்தான் என் மனைவி கேட்டாள். அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு அவள் யோசித்தது இட்லி மாவை அல்ல!

மறுநாள் காலை. ஆற்றின் மேல் லேசாகப் பனி. பரிசல்காரர் மாதேஷ் வசந்தாவுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டதும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆளத் திட்டுல எறக்கி வுட்டுட்டு வரக் கூடாதுங்கம்மா. ரூல்ஸு. அப்புறம் என்னைப் பரிசலே ஓட்ட வுட மாட்டாங்க."

வசந்தா வாதாடவில்லை. "சரி வுடுங்க," என்றாள். ஜாக்கெட்டின் கொக்கியை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

அந்தச் 'சரி வுடுங்க' எனக்கு நன்றாகத் தெரியும். 'விதிகளில் இடமில்லை' என்று நான் சொன்னதும் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொன்னது அதுதான். சொல்லிவிட்டு, மனுவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார்கள். நான் அடுத்த மனுவை எடுப்பேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. நான் இல்லாத ஓர் ஆசை அவளுக்கு இருந்தது எனக்குக் கொஞ்சம் வலித்தது. இப்போது ரூல்ஸே அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்... வேலை முடிந்தது.

முதல் கொக்கி அவிழ்ந்தது. இரண்டாவது கொஞ்சம் இறுக்கம். வசந்தா குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாதேஷ், எறக்கி விட்டுட்டு வரத்தானே கூடாது? பரிசல் திட்டுல நிக்கலாமா?" என்றேன்.

"நிக்கலாமுங்க. போட்டோ எடுக்க நிப்பாட்டறதுதான்."

"எவ்வளவு நேரம் நிக்கலாம்னு ரூல்ஸ்ல இருக்கா?"

மாதேஷ் யோசித்தார். "அப்படி ஒண்ணும் சொல்லலைங்க."

"அப்ப நீங்க திரும்பி வர வேண்டாம். அங்கேயே, பாறைக்கு அந்தாண்ட நிப்பாட்டிக்கங்க. இவங்க பக்கம் திரும்பாதீங்க. பேச்சுக் கொடுக்காதீங்க."

"தூங்கிக்கலாமுங்களா?"

"தாராளமா."

மாதேஷ் சிரித்துவிட்டார். "ஐயா எந்த ஆபீசுல இருந்தீங்க?"

"இவரு இருந்த ஆபீசுலதான் நானும் முப்பத்தாறு வருசமா இருக்கறேன்," என்றாள் வசந்தா, கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டே.

பரிசல் நேராகப் போகாது. சுற்றிச் சுற்றித்தான் போகும். வசந்தாவின் முகம் என் பக்கம் வந்தது. பிறகு அக்கரைக்குத் திரும்பியது. மறுபடி என் பக்கம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த முகம் கொஞ்சம் சின்னதாகியது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு முகமே தெரியவில்லை. பனிக்குள் ஓர் ஆரஞ்சுப் புள்ளி மட்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அது திட்டில் இறங்கியது.

எனக்கு என் ஆசை நிறைவேறியிருந்தது. ஆறு. அமைதி. மடியில் இரண்டு நாளிதழ். நான் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

வசந்தாவின் ஆதார் எண் எனக்கு மனப்பாடம். ரத்த வகை தெரியும். சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி, நிஜமான பிறந்த தேதி, இரண்டும் தெரியும். அந்தத் திட்டில் அவள் என்ன செய்வாள் என்று மட்டும் தெரியவில்லை. பாடுவாளோ? தனக்குத் தானே பேசுவாளோ? படுத்துக்கொண்டு மருத இலைகளுக்கு நடுவே வானத்தைப் பார்ப்பாளோ?

திடீரென்று ஆரஞ்சுப் புள்ளியைக் காணவில்லை.

எழுந்து நின்றுவிட்டேன். கூப்பிட வாயெடுத்துவிட்டேன். யாரும் கூப்பிடக் கூடாது என்பது நிபந்தனை... அப்புறம் மரத்தடியில் நீலப் புடவை தெரிந்தது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். உட்கார்ந்தேன்.

ஓடும் ஆற்றையே ரொம்ப நேரம் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கட்டத்தில் ஆறு நின்றுவிடும். திட்டு நகர ஆரம்பிக்கும். அன்றைக்கும் நகர்ந்தது. இரண்டு மருத மரத்தோடு, நீலப் புடவையோடு, பாறைக்கு அந்தப் பக்கம் தூங்கும் மாதேஷோடு, ஆற்றை எதிர்த்து மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. பனிக்குள் எங்கேயோ போகிறது. நோக்கம் எதுவும் இல்லை. நானும் அதைத் தடுக்கவில்லை.

அப்போதுதான் அந்தத் தொடரைப் பற்றி ஒன்று தோன்றியது. வாரா வாரம் ஆசையோடு வந்தவர்களைக் காட்டினார்கள். அவர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களை ஒரு வாரமாவது காட்டினார்களா? கரையில் உட்கார்ந்திருப்பவன் பாடு யாருக்குத் தெரியும்! வெள்ளைக் கோட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது.

இரண்டு மணி நேரம் என்று கேட்டவள் இரண்டரை மணி கழித்து வந்தாள். முழங்கால் வரை புடவை நனைந்திருந்தது. கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது. பனி சுத்தமாக விலகி, வெயில் ஏறியிருந்தது. கை கொடுத்து இறக்கினேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"என்ன பண்ணினே?"

யோசித்தாள். "சொன்னா அதுக்கும் ஒரு காரணம் வந்துருமுங்க," என்றாள்.

நான் விட்டுவிட்டேன். மாதேஷ் கொட்டாவி விட்டபடி பரிசலைக் கரைக்கு இழுத்தார்.

கிளம்புகிற நேரத்தில் கோவிந்தராஜ் அட்டையில் கிளிப் போட்ட ஒரு காகிதத்தை நீட்டினார். இன்னொரு படிவம்! அதே முதல் விருந்தினர், இரண்டாம் விருந்தினர். 'உங்கள் ஆசை நிறைவேறியதா? சில வரிகள் எழுதுங்கள்.'

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா அங்கே இல்லை. வசந்தா எடுத்துவிட்டிருந்தாள்.

முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு, குனிந்து, நிறுத்தி நிறுத்தி நாலைந்து வரி எழுதினாள். ஒரு தடவை தானாகச் சிரித்துக்கொண்டாள். பிறகு கீழே, என் கட்டத்துக்கு வந்தாள். ஒரே ஒரு சொல். எதிர்ப்பக்கமிருந்து, தலைகீழாகப் பார்த்தாலும் அந்தச் சொல்லை எனக்குத் தெரியாதா?

மேற்படி.

மேல் பாதியை மடித்து மூடிக்கொண்டு காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "கையெழுத்துப் போடுங்க."

"மேலே என்ன எழுதியிருக்கே?"

"போடுங்கன்னா."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு காகிதத்தில்கூட நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

போட்டேன்.