காப்புக் காலத்தில் ஒரு கடற்பஞ்சு

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். தெரிந்ததை விளக்கிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அந்தப் பழக்கம்தான் வம்பைக் கொண்டுவந்தது.

அம்மாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் புதிய ஊசி ஒன்றை ஆரம்பித்தார்கள். இது குணமாக்காது, கொஞ்ச காலம் தள்ளிப்போடும் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் வீடு திரும்பும் ஹட்டன் பஸ்ஸில் ஒன்றுவிடாமல் சொன்னேன். கடலடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் கடற்பஞ்சு என்ற பிராணியிலிருந்துதான் இந்த மருந்தை முதலில் கண்டெடுத்தார்கள் என்றேன். அம்மா கவனமாகக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். கொழுந்து பறித்த காலத்திலிருந்து அம்மா ஒரு வருடமும் காப்பை விட்டதில்லை. அந்த மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கும்வரை வீட்டில் கவிச்சி கிடையாது. கருவாட்டுச் சட்டியே வெளியே போய்விடும். அடுத்த ஊசி சரியாக அதற்கு நடுவில் வந்தது.

“நா வரல” என்றார் அம்மா. “அது கடல் கவிச்சி. காப்போட ஒடம்புல ஏத்த மாட்டேன்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயமும்தான்.

“இப்பக் கடல்லருந்து எடுக்கிறதில்லம்மா. அதப் பாத்து ஃபெக்டரியில செய்றாங்க.”

“அதப் பாத்துத்தானே செய்றாங்க?”

அம்மாவை இழுத்துக்கொண்டு பூசாரியிடம் போனேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர், நிதானமான மனிதர்.

“டீச்சர், அது மீன் மாதிரியா, முட்ட மாதிரியா?” என்று விசாரித்தார்.

கண் இல்லை, மூளை இல்லை, இரத்தமும் இல்லை என்றேன்.

“ரத்தம் இல்லேன்னா தாராளமாப் போடலாங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “உசுரு இருக்கா, இல்லியா?”

தரம் ஆறு பிள்ளைக்கும் அதற்குப் பதில் தெரியும். “இருக்கு” என்றேன். பூசாரி தலையைச் சொறிந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துக் கெஞ்சினேன். ஒரு வாரம் பிந்தலாம், அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் சிங்களத்தில் கண்டிப்பாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அம்மா பூசணிக்காய்க் கறியோடு நன்றாகச் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாளே போனோம். ஏன் பிந்தியது என்று தாதி கேட்டார். “பஸ் இல்ல” என்று அம்மா கூசாமல் சிங்களத்தில் சொன்னார். தாதி மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் பக்கத்து பஸ்ஸைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருப்பார்.

ஊசி ஏறும்போது அம்மா மெதுவாகக் கேட்டார். “அடுத்த வருசம் காப்புக் கட்ட நா இருப்பேனா?”

“இருப்பீங்கம்மா” என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசி இல்லாத கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“ஒனக்குப் பொய் சொல்ல வரல. பழகிக்க. இனிமே நெறயத் தேவப்படும்.”