ஜோடிக் கல்

முன்னறையில் கல்லோடு கல் முட்டும் சத்தம் கேட்டது. 'டொக்' என்று ஒரே ஒரு முறை.

சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த எல்ஸ்பெத்தின் கை அப்படியே நின்றது. பதினாறு வயதில் மாக்லின் ஊர்க் கல்பட்டறையில் மெருகு போடச் சேர்ந்து, முப்பது வருஷம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவள். பனிக்கட்டி மேல் வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் கல்லை, உள்ளங்கையில் அடங்கும் அளவில் பொம்மை போலவும் செய்வார்கள். வியாபாரிகள் மாதிரிக்குச் சுமந்து போனவை, மைக்கூடாகக் குடைந்தவை, ஜெயித்தவருக்கு வெள்ளிப் பிடி போட்டுக் கொடுத்தவை என்று பழைய குட்டிக் கற்கள் எண்பத்து மூன்று சேர்த்திருந்தாள். ஒவ்வொன்றின் சரித்திரத்தையும் ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தாள். அடுத்த வாரம் எல்லாம் ஊர் நூலகத்துக்குப் போகின்றன. அதற்குமுன் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டு, கடலோரத்துக் கர்வனிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த நெட்டா என்பவள்தான் முன்னறையில் இருந்தாள்.

எல்ஸ்பெத் ஓடிவந்து பார்த்தாள். மேஜைமேல் அவளுடைய கல்யாணக் கல். காலமான கணவர் ஃபெர்கஸ் அவளுக்காக ஜோடியாகக் கடைந்ததில் மிஞ்சிய ஒன்று. அதை ஒட்டி, அதே அச்சில், இன்னொன்று! ஒரே பாறைத் துண்டில் எடுத்தவை. ஒன்றில் ஓடிய வெள்ளைக் கோடு மற்றதில் தொடர்ந்தது.

"இது... இது ஏரியில முழுகிப்போச்சே!"

"அப்படியா சொன்னாரு? நாப்பது வருஷமா எங்கிட்ட இருக்கு."

எல்ஸ்பெத் இரண்டு கற்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கும் அவருக்கும்..."

"ஐயே, அந்த மூக்கோட நீங்க குடித்தனம் பண்ணதே பெரிசு! எனக்கெதுக்கு?" என்ற நெட்டாவின் சிரிப்பு மறுகணமே மறைந்தது. "நான் சாண்டி ரெனியோட பொண்டாட்டி. நீங்க என்னைப் பார்த்ததில்ல."

சாண்டி! கல்யாணக் கல்லின் அட்டையில் எல்ஸ்பெத் தன் கையால் எழுதிய பெயர். 'அறுபத்து மூன்றாம் வருஷப் பனியில், ஃபெர்கஸ் தடுத்தும் கேளாமல் குடிபோதையில் உறைந்த ஏரி நடுவே போன சாண்டி பனி உடைந்து மூழ்கினான். அவனைக் காப்பாற்றப் போனபோது ஃபெர்கஸின் பையிலிருந்த ஜோடிக் கல் தண்ணீரில் விழுந்தது.'

"திருப்பிப் பாருங்க" என்றாள் நெட்டா.

கல்லின் அடிக்குழியில் பொடி எழுத்து. எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அடையாளம் தெரியும் கணவரின் உளி எழுத்து. 'சாண்டி குடிக்கவில்லை. நான் நடுவில் அளக்கவில்லை.'

ஆட்டத்துக்கு முன் பனியில் துளை போட்டுக் கனம் அளப்பது ஃபெர்கஸின் வேலை.

"கரையோரம் மட்டும் துளை போட்டுட்டு, 'ஏழு அங்குலம் இருக்கு, இறங்குங்கடா'ன்னு கத்தினாரு. பனி இளகறதுக்குள்ள ஆடிடணும்னு எல்லாருக்கும் அவசரம். விஸ்கி எல்லார் பையிலயும்தான் இருந்துச்சு. செத்தவன் பையில இருந்ததைத்தான் ஊர் பார்த்துச்சு. அடக்கம் முடிஞ்ச மறுவாரம் இவர் வந்து என் கால்ல விழுந்து அழுதாரு. ஊர் முன்னாடி வாயால சொல்ல தைரியம் இல்லன்னு இதைக் குடுத்தாரு."

"அப்பவே ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கலாமே!"

"கிளம்பி உங்க ஊர் வரைக்கும் வந்தேன். போஸ்ட் ஆபீஸ் வாசல்ல நீங்க நிறைமாசமா நின்னீங்க. மனசு வரல. ஆனா இப்ப உங்க அட்டையில இருக்கிறதைப் பேப்பர்ல போட்டிருந்தாங்க. இனிமே நூலகத்துல கண்ணாடிக்குள்ள வெச்சு ஊரே படிக்குமாம். என் மனுஷனைக் குடிகாரன்னு! கல்லை நீங்களே வெச்சுக்குங்க. அட்டையை மாத்துங்க."

"மாத்தலேன்னா?"

"கல்லை எடுத்துக்கிட்டுப் போவேன். வேற என்ன செய்ய முடியும் என்னால?"

முப்பத்தைந்து வருஷம் பக்கத்தில் படுத்தவர். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பனிக்காலம் வந்தால் அவர் ஏரிப் பக்கமே போகாததை நண்பனை இழந்த துக்கம் என்றல்லவா நினைத்தாள்! எல்ஸ்பெத்துக்கு அழுகை கூட வரவில்லை. இழுப்பறையைத் திறந்து புது அட்டை எடுத்தாள்.

'பனியை அளக்க வேண்டியவர் என் கணவர் ஃபெர்கஸ் கில்மோர். அவர் நடுவில் அளக்கவில்லை. சாண்டி ரெனி குடித்திருக்கவில்லை.'

பழைய அட்டையை நான்காகக் கிழித்தாள். புதியதை நெட்டா கையை நீட்டிப் பிடித்து இரண்டு முறை படித்தாள்.

"கையெழுத்து?"

எல்ஸ்பெத் போட்டாள்.

கல்லை மேஜைமேலேயே விட்டுவிட்டு நெட்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். தேநீர் வேண்டாம், பஸ் போய்விடும் என்றாள். வாசலில் நின்று திரும்பினாள். "அன்னிக்கு வயித்துல இருந்த பிள்ளை?"

"பையன். கிளாஸ்கோவில இருக்கான். அப்பான்னா அவனுக்கு உசிரு. இதை எப்படி அவன்கிட்ட..."

"நேர்ல சொல்லுங்க. போன்ல வேணாம்" என்று சொல்லி நெட்டா படியிறங்கினாள். எல்ஸ்பெத் கதவைச் சாத்தினாள்.