தெல்மா எண்ணிய எண்பத்தொன்று

தெல்மா வோஸ்பர் ரயிலில் கார்டாகச் சேரும் முன் இங்கிலாந்தின் யோவிலில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் தையல் மெஷின் ஓட்டியவள். ஓசையைக் கேட்டே தையல்களை எண்ணுவாள். அந்தப் பழக்கம் ரயிலுக்கும் அவளோடு வந்துவிட்டது. எங்கள் எக்ஸெட்டர் பாதையில் அப்போது அறுபதடித் துண்டுகளாக இணைத்த தண்டவாளங்கள். நாற்பத்தொரு விநாடிக்குள் எத்தனை இணைப்புகள் சக்கரத்தில் தட்டுகின்றனவோ, மணிக்கு அத்தனை மைல் வேகம். இது கார்டுகள் பலருக்கும் தெரியும். விடாமல் எண்ணியவள் தெல்மா மட்டும்தான்.

1982 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. கடற்கரைக்குப் போகும் கூட்டம் ரயில் பெட்டிகளின் நடைபாதை வரை நெருக்கியடித்து நின்றது. சாலிஸ்பரியில் கடைசி நேரத்தில் இஞ்சினுக்குப் பின்னால் ஒரு பழைய பார்சல் பெட்டியைக் கோத்தார்கள். தெல்மா ஓட்டுநர் ரெக் பில்லிங்கிடம் வேக வரம்பு எழுதிய தாளை நீட்டினாள்.

"ரெக், இன்னிக்கு எழுபத்தஞ்சுக்கு மேல கூடாது."

"இஞ்சின் தொண்ணூத்தஞ்சு போகும். பயணிங்க பெட்டி தொண்ணூறு தாங்கும். இந்த ஒத்தைப் பெட்டிக்காக மொத்த ரயிலும் நொண்டணுமா?"

"ஆமா, நொண்டுங்க. அதோட சக்கரம் அவ்வளவுதான் தாங்கும்."

"உன்னக் கட்டிக்கிட்டவன் பாவம்மா," என்று சிரித்தபடி ரெக் தாளை வாங்கிக்கொண்டார்.

யோவிலைத் தாண்டிய இறக்கத்தில் தெல்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எண்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். அதே எண்பத்தொன்று. தன் அறையிலிருந்த பிரேக் பிடியை லேசாக இழுத்தாள். வேகம் குறைந்தது, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறிவிட்டது. 'வேணும்னே பண்றாரு' என்று அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இம்முறை பிடியை முழுதாக இழுத்தாள். வயல்களுக்கு நடுவே ரயில் நின்றது.

அவள் ஜல்லியில் நடந்து முன்னால் போனபோது ரெக் சன்னலுக்கு வெளியே பாதி தொங்கிக்கொண்டிருந்தார்.

"பைத்தியமா உனக்கு? எதுக்கு நிறுத்தின?"

"எண்பத்தொன்னுல போனீங்க."

"மீட்டர் முள்ளு எழுபத்தஞ்சைத் தாண்டவே இல்ல! இருபத்தாறு வருசமா ஓட்டறேன். என்னப் பொய்யன்னு சொல்றியா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் தெல்மாவுக்கு மீட்டர் மேல் சந்தேகம் வந்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை.

"சரி. முள்ளு அறுபதுல நிக்கட்டும். எக்ஸெட்டர் வரைக்கும் அதுலயே போங்க. நான் எண்ணறேன்."

ஏற்ற இறக்கங்களை விட்டுச் சமதளத்தில் ஐந்து முறை எண்ணினாள். ஐந்து முறையும் அறுபத்தைந்து.

நாற்பது நிமிடம் தாமதமாக எக்ஸெட்டர் சேர்ந்தார்கள். நான் அங்கே அறிவிப்பாளன். பயணிகளின் வசவையெல்லாம் நான்தான் வாங்கினேன். ஆய்வாளர் கிளாட்வொர்த்தி இருவரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"இஞ்சின்ல இருக்கற மீட்டர் தப்பு, உன் கைக்கடிகாரம் சரி. அப்படித்தானே, திருமதி வோஸ்பர்?"

"ஆமாங்க ஐயா. சந்தேகம்னா இஞ்சினோட சக்கரத்தை அளந்து பாருங்க."

அவர் சிரித்தார். ஆனால் ரெக் சிரிக்கவில்லை. "அளக்கச் சொல்லுங்க ஐயா. அளக்காம அந்த இஞ்சினை நான் தொடமாட்டேன்," என்றார்.

மறுநாள் அளந்தார்கள். அந்த வாரம்தான் ஒரு பணிமனையில் இஞ்சினுக்குப் புதுச் சக்கரங்கள் மாட்டியிருந்தார்கள். தேய்ந்த பழையவற்றைவிட அவை மூன்றங்குலத்துக்கு மேல் பெரியவை. மீட்டரைப் புதுச் சக்கரத்துக்கு ஏற்பத் திருத்த யாரும் நினைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ரயில் கூடுதல் தூரம் ஓடியது. முள்ளுக்கு அது தெரியாது.

தாமதத்துக்காகத் தெல்மாவுக்கு எழுதிய கண்டிப்புக் கடிதத்தைக் கிளாட்வொர்த்தியே கிழித்துப் போட்டார். ஓய்வறையில் ரெக் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"உன்னப் பைத்தியம்னு சொல்லிட்டேன்."

"நானும் உங்கள மனசுக்குள்ள பொய்யன்னு சொல்லிட்டேன். சக்கரை போட்டீங்களா?"

அதன்பின் சக்கரம் மாற்றிய எந்த இஞ்சினும் மீட்டர் சோதிக்காமல் எங்கள் பாதைக்கு வரவில்லை. தெல்மா இன்னும் பதினேழு வருடம் அதே பாதையில் கார்டாக இருந்தாள். தண்டவாளங்களைப் பற்றவைத்து இணைப்புகள் மறைந்த பிறகு மைல்கற்களை எண்ணத் தொடங்கினாள்.