மனிதச் சங்கிலியில் கேட்ட வீடு

தாம்பரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் நின்றுகொண்டு எங்கள் அம்மா வீடு கேட்டது இன்று யாருக்காவது ஞாபகம் இருக்குமா, தெரியாது. எனக்கு நன்றாக இருக்கிறது. அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். காலனியில் பாதிப் பேர் வீட்டுச் சட்னி அத்தாவின் தயவில்தான் அரைபட்டது. வடக்கே எங்கோ கலவரம் என்று டிவியில் ஓயாமல் காட்டிக்கொண்டிருந்த வருடம் அது. ஒரு நாள் காலையில் கடையின் ஷோகேஸ் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது, உள்ளே அரைச் செங்கல். சட்னி சாப்பிட்ட யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவர் ஒரே ஒருவர், பேங்க் ஆபீசர். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அத்தாவைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். புகாரை எழுதிக்கொள்ளாமல் இழுத்தடித்தார்களாம். எழுதினால்தான் எழுந்திருப்பேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம் சார்.

அதோடு விட்டாரா? ஒற்றுமைக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார். சிறுபான்மை மக்களுக்குச் சம உரிமை, பாதுகாப்பு என்று தெருமுனைக் கூட்டம் போட்டார், பேசிப் பேசித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டார். நாலு வார்த்தை கோவையாகப் பேச வராத அத்தா அவருக்கு மைக் வயர் இழுத்தார். வீட்டில் சார் பேச்சை எடுத்தாலே அத்தாவின் குரல் தணிந்து மரியாதையாகிவிடும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வாடகை வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அத்தாவும் அம்மாவின் தம்பியான மாமாவும் சேலையூர், பெருங்களத்தூர் என்று அலைந்தார்கள். பெயர் என்ன என்று கேட்கும்வரை எல்லா வீடும் காலியாகத்தான் இருந்தது. பெயரைச் சொன்னதும் ஓனருடைய அண்ணன் மகன் துபாயிலிருந்து குடும்பத்தோடு வந்துவிடுவான். இத்தனை அண்ணன் மகன்கள் திரும்பி வந்துவிட்டால் துபாயில் வேலைக்கு ஆளே இருக்காதே என்று மாமா கவலைப்பட்டார்.

சார் வீட்டு மாடி காலி. கேட்டில் டு-லெட் போர்டு தொங்கியது. தினமும் பள்ளிக்குப் போகும்போது அதைப் பார்ப்பேன். நமக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று முழுசாக நம்பினேன். எந்த ரூம் எனக்கு என்பதுவரை முடிவு செய்தாகிவிட்டது. ஆனால் அத்தா கேட்கவே மாட்டேன் என்றார். அம்மா நச்சரித்தபோது, "அவருக்குத் தெரியாதா? குடுக்கறதா இருந்தா அவரே கூப்பிடுவாரு" என்று வாயை அடைத்துவிட்டார்.

இந்த நிலையில்தான் சார் மனிதச் சங்கிலிக்கு ஏற்பாடு செய்தார். மல்லிக்கு நடுவில் கனகாம்பரம் வைத்துத் தொடுப்பதுபோல, ஒரு இந்து ஒரு முஸ்லிம் என்று மாற்றி மாற்றி நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. பெண்கள் வரிசையில் எங்கள் பக்கத்துப் பூவுக்குத் தட்டுப்பாடு. முந்தின நாள் சாரின் மனைவி வீட்டுக்கே வந்தார். பள்ளிக்கூட டீச்சர், தங்கமான மனுஷி. அம்மா எப்போதும் புடவைத் தலைப்பைத்தான் தலையில் போட்டுக்கொள்வாள். டீச்சர் சங்கடமாகச் சிரித்தபடி, "தப்பா நினைக்காதம்மா, நாளைக்கு புர்கா போட்டுட்டு வந்துடேன். அப்பத்தான் போட்டோல தெரியும்" என்றார். அம்மாவிடம் புர்கா கிடையாது. அடுத்த தெருவில் இருந்த எங்கள் மாமியிடம் இரவல் வாங்கினாள். அது தரையில் புரண்டது.

மறுநாள் சாயங்காலம் சாலையோரம் நின்றோம். அம்மாவின் வலது கை டீச்சர் கையில். எதிர்வரிசையில் ஆண்களோடு அத்தா. சார் கையில் மெகாபோனும் கழுத்தில் விசிலுமாக நடுவில் நடந்துகொண்டிருந்தார். முதல் விசிலுக்குக் கைகோக்க வேண்டும், அடுத்த விசில்வரை யாரும் விடக் கூடாது. பத்திரிகை போட்டோகிராபர்கள் வேன்மேல் ஏறி நின்றார்கள். விசில் அடித்தது. "சம உரிமை வேண்டும்!" என்றார் சார். "வேண்டும், வேண்டும்!" என்றோம்.

கோஷம் ஓய்ந்த இடைவெளியில் அம்மா சொன்னாள்: "அக்கா, உங்க மாடி காலியாத்தானே இருக்கு? எங்களுக்குக் குடுங்களேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே வெட்கப்படுகிறவள் என் அம்மா.

டீச்சரின் முகத்தில் போட்டோவுக்கான சிரிப்பு அப்படியே நின்றது. "இங்க போய் கேக்கறியேம்மா."

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்க்கா."

"எனக்கு ஒண்ணுமில்ல. மாமனார், மாமியார் இருக்காங்க. நீ புர்காவோட ஏறி எறங்கினா அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க."

"இது என்னுது இல்லக்கா" என்றாள் அம்மா. "நீங்க சொன்னீங்கன்னு இரவல் வாங்கிப் போட்டேன்."

டீச்சர் கையை இழுத்தார். அம்மா விடவில்லை, இன்னும் விசில் அடிக்கவில்லையே! வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டடி தள்ளி நின்ற சார் மெகாபோனை இறக்கினார். விசிலை எடுத்து ஊதிவிட்டார். போட்டோ இன்னும் எடுக்கவில்லை என்று வேன்மேலிருந்து கத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா அம்மாவைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்ட" என்றார்.

மறுநாள் காலை என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். மாடியைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. சார் பனியனோடு கேட்டுக்கு வந்தார். அத்தா இரண்டு கையையும் கூப்பினார். "சார், அவ ஏதோ தெரியாமக் கேட்டுட்டா. மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சிருங்க சார்."

என் அத்தா யார் முன்னாலும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. "அய்யோ பாய், நீங்க போய்..." என்று அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை மாடியை அண்ணாந்து பார்த்தார். இதோ சொல்லப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "காபி சாப்பிட்டுப் போங்க" என்றார்.

திரும்பும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. அத்தாவின் முதுகில் குத்தினேன். "தப்பு அவங்க மேல. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?"

அத்தா திரும்பாமலே சொன்னார்: "அடுத்த கல்லு விழுந்தா ஸ்டேஷனுக்கு யாரைம்மா கூட்டிட்டுப் போவேன்?"

"நான் வரேன்" என்றேன் ஆத்திரத்தோடு.

அத்தா வண்டியை ஓரமாக நிறுத்தினார். தோள் குலுங்கிற்று. அழுகிறார் என்பதே எனக்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது. நான் சின்னப் பெண், என் பேச்சை ஸ்டேஷனில் யார் கேட்பார்கள் என்றுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "இப்ப இல்லத்தா. நான் வளந்து, நல்லா படிச்சதுக்கப்புறம் கல்லு விழுந்தா வரேன். அப்ப எழுதிக்குவாங்க" என்று சமாதானம் சொன்னேன்.

அதைக் கேட்டு அத்தா ஏன் இன்னும் அதிகமாக அழுதார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.