கிளிப்பின் மேல் விழுந்த பழி

எலிகளைத் தூங்கவைப்பதுதான் அவள் வேலை. ஆய்வுக்கூடத்தில் வாசல் காவலாளியிலிருந்து எல்லாருக்கும் அவள் தாலாட்டக்கா. தாலாட்டு என்றால் பாட்டு ஒன்றும் கிடையாது. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு குழாய், அதில் வரும் மயக்க வாயு, அவ்வளவுதான். எலி தள்ளாடிச் சாய்ந்ததும் அதை ஸ்கேன் எடுக்கும் காந்த அறைக்குத் தூக்கிப்போய், வெந்நீர் ஓடும் மெத்தையில் கிடத்தி, மூக்குக்கு மூடி மாட்டி, வாலில் ஊசி ஏற்றி, காலில் நாடி பார்க்கும் கிளிப்பைப் பொருத்தி, பீப்பாய் மாதிரியான அந்தக் காந்தத்தின் வயிற்றுக்குள் தள்ளிவிட வேண்டும். அப்புறம் வால் வழியாகச் சர்க்கரை போகும். எலியின் மூளை அதை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது என்று, மண்டையைத் திறக்காமலே காந்தம் சொல்லிவிடும்.

சொல்லும்தான், ஆனால் மயக்கம் ஒரே அளவில் இருந்தால்தான் சொல்லும். கொஞ்சம் ஆழமாகிவிட்டால் மூளை சோம்பிப்போய்ச் சர்க்கரையைத் தொடாது. லேசாகிவிட்டால் பறக்காவெட்டி மாதிரி அள்ளும். அதனால்தான் அதே எலிகளை, இளசாக இருந்தபோதும் நடுவயதிலும் இப்போது கிழடு தட்டிய பிறகும், அவள் ஒருத்தியே மயக்கி வந்தாள். ஆள் மாறினால் எண் மாறும் என்பது அங்கே வேதவாக்கு. இது கடைசிச் சுற்று. பாதி எலிகள் பாக்கி இருந்தன. கிழ எலிகளை நம்பி நாள் தள்ளிப்போடவும் முடியாது.

அவளுக்கோ களைப்பு. வேலை செய்த களைப்பு தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் பக்கத்திலேயே படுத்திருந்தது. மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவாள். யாராவது வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிவாள். குனிந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். பாவம், நடிக்கக்கூட உடம்பில் தெம்பில்லை.

வாடகைக் கார் ஓட்டும் கணவன் வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, எலியெல்லாம் உன்கிட்ட தூங்குது. நீ மட்டும் ஏன் நின்னுக்கிட்டே தூங்கற?"

"எலி இப்படித் தொணதொணன்னு பேசாதுங்க. அதான் அதுக்குச் சட்டுனு தூக்கம் வருது."

"ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துரலாம்."

"இந்தச் சுற்று முடியட்டும்."

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எலியின் காலில் மாட்டுவதற்கு முன், கிளிப் வேலை செய்கிறதா என்று தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்ப்பாள். ஒருநாள் காலை திரையில் நாற்பதுக்குக் கீழே ஓர் எண் வந்தது. கிளிப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டாள். புதிதாக வந்த கிளிப்பும் அதையேதான் சொன்னது. அன்றே அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுத்தவர் நாடியைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள், தன் நாடியைப் பார்த்தா ஏமாறுவாள்? ஆனாலும் இரண்டாவது கிளிப்பையும் குப்பையில் போட்டாள். மருத்துவரிடம் போனால் நெஞ்சுக்குள் துடிப்பைச் சீராக்கும் கருவி வைப்பார்கள். அந்தக் கருவி உள்ளவர்களைக் காந்தம் சேர்க்காது. அருகே போனால் கருவி குழம்பும், உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்டவர்களைக் கதவிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் அவள்தான். தன்னைத் தானே திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது கிளிப்பையும் அவள் குறை சொன்னபோது, ஆய்வை நடத்தும் மேடம் எரிச்சலோடு எழுந்து வந்தாள். வயதில் இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"கம்பெனிக்காரன் நம்மள நல்லா ஏமாத்தறான் அக்கா. கொடுங்க, நான் பாக்கறேன்."

வாங்கித் தன் விரலில் மாட்டினாள். எழுபத்தாறு. கழற்றித் தாலாட்டக்காவின் விரலில் மாட்டினாள். முப்பத்து நாலு. மறுபடியும் தன் விரலில். எழுபத்தைந்து. பெட்டிக்குள் எலி ஏற்கெனவே சாய்ந்திருந்தது.

"எத்தனை நாளா?"

"இன்னும் கொஞ்சம்தான் மேடம் இருக்கு. முடிச்சுட்டுப் போயிடறேன். இப்ப ஆள் மாத்தினா இத்தனை நாள் உழைப்பும் வீணாப்போகும். உங்களோடதும்தான்."

மேடத்துக்கு அது தெரியாதா? அவளுடைய வேலையே இந்த எண்களை நம்பித்தான் இருந்தது. ஒரு நிமிஷம் சபலம் தட்டத்தான் செய்தது. அது முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"அக்கா, ஒரு எலிக்கு நாடி இப்படிப் பாதியா விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

தாலாட்டக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. எத்தனையோ தடவை, பெரியவர்கள் கத்தக் கத்த, பாதியில் நிறுத்தியவள். "நிறுத்திருவேன்" என்றாள்.

"அப்ப வாயுவை மூடுங்க."

மூடினாள். எலி மீசையை அசைத்து, தலை தூக்கி, தள்ளாடி எழுந்து நிற்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதைக் கூண்டில் விட்டுவிட்டு, மேடத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த வாரமே கருவி வைத்துவிட்டார்கள். மிச்ச எலிகளை வேறொருவர் மயக்கினார். எண்கள் ஒட்டவில்லை. பழைய கணக்கோடு சேர்க்க முடியாது என்று மேடம் தனியே ஒதுக்கிவிட்டாள். தாலாட்டக்காவிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

அவளுக்குக் கீழ்த்தளத்தில் மருந்துக் கையிருப்பு பார்க்கும் நாற்காலி வேலை கொடுத்தார்கள். முதல் நாள் பழக்கதோஷத்தில் மாடி ஏறிவிட்டாள். எங்கும் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை, கண் இருட்டவில்லை. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அங்கே தனக்கு வேலை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கதவுக்கு அப்பால் காந்தம் இரைந்துகொண்டிருந்தது. அந்தப்பக்கம் ஓர் எட்டுகூட வைக்காமல் திரும்பி இறங்கினாள்.

சாயங்காலம் கணவன் காரோடு வாசலில் நின்றான். ஏறி உட்கார்ந்தவளின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான்.

"என்னம்மா, மறுபடி முடியலையா?"

"இல்லீங்க, உடம்பு நல்லாத்தான் இருக்கு. களைப்பே இல்ல," என்றாள். "அதான் அழுகையா வருது."