பாடாலூர்க் கரிசலில் ஒரு மான், தப்பான தேதியில்

மான் வேட்டைக்கு லைசென்ஸ் எப்படி வாங்குவது என்று எங்கள் வாசகசாலையில் இதுவரை நான்கு பேர் என்னைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதை விட, இந்தக் கையெழுத்துப் பத்திரிகையில் எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகும். நான் எழுதப் படித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதனால் வேகமாக வராது. ஆனால் தூரமும் நேரமும் செலவும் சரியாக இருக்கும்.

என் மகன் ரெங்கராசுக்குப் பதினாறு வயது. மூன்று பெண்களுக்குப் பிறகு, எனக்கு நாற்பத்தாறு வயதில் பிறந்தவன். திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக எழும்பும் தொழிற்சாலையில் பயிற்சிக்கு அவனை எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் ஏழாம் தேதி போய்ச் சேர்ந்து அங்கேயே தங்க வேண்டும். அந்தக் கடிதம் வந்த வாரம், வீட்டுத் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாழைத்தாரைக் கடிக்கும் பழந்தின்னி வௌவால்களை விரட்ட வைத்திருக்கும் ஒற்றைக்குழல், மருந்து கெட்டித்து வெடிப்பது.

"ஏம்ப்பா, இத்தனை வருஷத்துல இதால வௌவாலத் தவிர வேற எதையுமே சுட்டதில்லையா?" என்றான்.

"வௌவாலையும் சுட்டதில்லடா. மேல பாத்து வெடிப்பேன், பறந்துடும்."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் போவதற்குள் இரண்டு பேரும் ஒரே ஒரு வேட்டைக்காவது போய்வந்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். தொழிற்சாலைக்குள் போய்விட்டால் அவன் நேரம் சங்கு ஊதுகிறவர் கையில்.

எங்கே போவது என்று சொன்னவர் காதர் பாய். பாடாலூர்க்காரர், எங்கள் கொல்லையில் வாழைத்தார் வாங்கிப் போய் விற்பவர். அவர் ஊருக்குக் கிழக்கே மூன்று மைலில் சர்க்கார் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. அங்கே வெளிமான் கூட்டம் மேய்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்பதால் லைசென்ஸ் இருந்தால் யாரும் போகலாம்.

ஆகஸ்ட் கடைசியில் திருச்சி காட்டிலாகா ஆபீசுக்குப் போனேன். காலை பத்தரைக்கு விண்ணப்பத்தாள் கொடுத்தார்கள். வெளியே எழுதிக் கொடுக்க ஆள் உட்கார்ந்திருக்கிறார், நாலணா கேட்பார். நான் அவரைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்து நானே எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், துப்பாக்கி நம்பர், எந்தக் கிராமம், எந்தப் பதினைந்து நாள். கடைசிக் கட்டத்தில் 'செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 4 வரை' என்று, எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போகாமல் எழுதினேன். மகன் கிளம்ப இரண்டு நாள் மிச்சம் வைத்துக் கணக்குப் போட்ட தேதி. முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் குமாஸ்தா டீ குடித்துவிட்டே வந்துவிட்டார்.

"நீங்களே எழுதினதா பெரியவரே?" என்று கேட்டு முத்திரை குத்தினார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

லைசென்சில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடா மட்டும்தான் சுடலாம், பெட்டையைச் சுடக்கூடாது. மோட்டார் வண்டியில் இருந்து சுடக்கூடாது. பொழுது சாய்ந்த பின் சுடக்கூடாது. பெயர் உள்ளவர்தான் சுட வேண்டும். பயிர்க்காவல் துப்பாக்கியை ஊர் எல்லை தாண்டி எடுத்துப் போகத் தனி அனுமதி வேண்டும். அது கலெக்டர் ஆபீசில் கிடைக்கும், ஆறு நாள் ஆகும்.

துப்பாக்கி இல்லாமல் ஒரு முறை இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். ஸ்ரீரங்கத்தில் இருந்து கொள்ளிடப் பாலம் தாண்டி டோல்கேட் மூன்று மைல், நடந்தோம். ஐந்தரை பஸ்ஸில் பாடாலூர் பதினெட்டு மைல், ஆளுக்கு ஐம்பத்தைந்து பைசா. ஆறரைக்கு இறங்கினால் காதர் பாய் மாட்டுவண்டியோடு நிற்கிறார்.

"மனுசன் நிமிந்து நடந்தா அரை மைல்லயே ஓடிரும். மாட்டுவண்டின்னா கண்டுக்காது. வண்டிக்கு மறைவா நடந்து வாங்கண்ணே" என்றார்.

அப்படியே நடந்தோம். கரிசல் வெடித்துக் கிடந்தது. முதலில் பார்த்தது ரெங்கராசுதான். பெட்டைகள் பதினெட்டு, எல்லாம் மண் நிறம். நடுவில் ஒரே ஒரு கிடா. முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை, கொம்பு இரண்டும் கயிறு முறுக்கியது போலத் திருகித் திருகி மேலே போகிறது. அந்தக் கிடா எங்கே போனாலும் திரும்பி வந்து ஒரே இடத்தில்தான் புழுக்கை போடுகிறது. திடீரென்று ஒரு பெட்டை எதற்கோ ஆள் உயரத்துக்கு எகிறியது. பின்னால் வந்த ஒவ்வொன்றும் அதே இடத்துக்கு வந்து, அங்கே ஒன்றுமில்லாவிட்டாலும், எகிறியது. நாங்கள் இரண்டு மணி நேரம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு இடையே பார்த்துக்கொண்டே இருந்தோம். எனக்குக் கால் மரத்துப் போனதே தெரியவில்லை.

திரும்பும்போது யாருக்கு எந்தப் பங்கு என்று பேச்சு வந்தது. கழுத்து வண்டி ஓட்டும் பாய்க்கு, தொடை இரண்டும் எங்களுக்கு.

"என்னிக்கு வர்றீங்கண்ணே?" என்றார் பாய்.

"இருபதாம் தேதிக்கு மேல. லைசென்ஸே அப்பதான் ஆரம்பம்."

பாய் மாட்டை நிறுத்திவிட்டார். "அண்ணே, பதினேழாம் தேதி புரட்டாசி பொறக்குது. எம் மச்சான் கசாப்புக்கடையில அந்த மாசம் பூரா ஈதான் ஓட்டுவான். நீங்க ஸ்ரீரங்கத்துக்காரரு, எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலியா?"

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் கவிச்சி கிடையாது, சட்டியைக் கூடப் பரணில் கவிழ்த்து வைத்துவிடுவோம். அறுபது வருஷம் ஆடி, ஆவணி என்று எண்ணியே வாழ்ந்தவன் நான். ஒரு பண்டிகை தவறியதில்லை. படித்த பிறகு முதல் முதலாகச் சொந்தக் கையால் இங்கிலீஷ் தேதி எழுதினேன், அதில் போய் இப்படி ஆகிவிட்டது. ரெங்கராசு வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

மறுநாளே ஆபீசுக்கு ஓடினேன். முத்திரை விழுந்த தேதியை மாற்ற முடியாது, இந்த வருஷத்துக்கு இன்னொன்று தரவும் முடியாது என்றார் குமாஸ்தா. விட்டால் மகனோடு போவது இல்லை. போனால் சுட்டதை யாரும் தொட மாட்டோம்.

வழி சொன்னவரும் பாய்தான். அடுத்த முறை தார் வாங்க வந்தபோது, "நாங்க திம்போம்ண்ணே. ஆனா உசுரு இருக்கும்போதே நான் அறுக்கணும். நீங்க விழ வைங்க, மிச்சம் எங்கணக்கு" என்றார்.

உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள். "திங்கறது ஆகாது, கொல்றது மட்டும் ஆகுமா?"

கோயிலில் யாரிடமும் கேட்கவில்லை, என்ன சொல்வார்கள் என்று தெரியும். ரெங்கராசு ஒரு பெட்டியில் தன் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "போயிட்டு வாங்க. ஆனா கொள்ளிடத்துல முழுகாம வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றாள்.

செப்டம்பர் இருபத்தைந்து, புதன்கிழமை. சனிக்கிழமை கூடாது என்பதில் நான் உறுதி. அதே பஸ், துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனோம். எட்டேகாலுக்குக் கூட்டம் தெரிந்தது. நாற்பது கஜம் வரை வண்டியை ஓட்டினார் பாய். எனக்குத் தூரப் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் குழல் கனத்துக் கீழே இறங்கியது. ரெங்கராசு என் முழங்கைக்குக் கீழே தன் தோளைக் கொடுத்தான். "இருப்பா... பெட்டை நடுவுல நிக்குது... போயிடுச்சு. இப்ப" என்றான்.

சுட்டேன். புகை கலைந்தபோது கூட்டம் இல்லை. கிடா மட்டும் பின்னங்கால் மடங்கி எழ முயன்றுகொண்டிருந்தது. பாய் கத்தியோடு ஓடினார், அவருக்கு முன்னால் ரெங்கராசு ஓடிக் கொம்பைப் பிடித்துவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கொம்பை விடாமல் குந்தியிருந்தான். "எவ்வளவு சூடா இருக்குப்பா" என்றான்.

பாய் வீட்டில் மத்தியானம் எங்களுக்கென்று புதுச்சட்டி வாங்கிக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் நாங்கள் அதைச் சாப்பிட, பக்கத்து அடுப்பில் மான் கறி கொதித்தது.

"ஏம்ப்பா, வாசனை மட்டும் புரட்டாசிக்கு ஆகுமா?" என்றான் ரெங்கராசு.

"மூச்ச அடக்கிக்கிட்டுத் தின்னுங்க தம்பி" என்றார் பாயின் மனைவி.

மான் கறி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களே, எனக்குத் தெரியாது. பாடாலூரில் விசாரியுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். துப்பாக்கி இல்லாமல் ஒரு முறை போய்ப் பாருங்கள், அந்த நாளே ஒரு நல்ல நாள். தண்ணீர் கொண்டு போங்கள், கரிசலில் கிணறு இல்லை. மொத்தச் செலவு வண்டிக்கூலியோடு இருபது ரூபாய்க்குள் முடியும். விண்ணப்பத்தில் தேதிக் கட்டம் வந்ததும் பேனாவைக் கீழே வையுங்கள். ஆபீஸ் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது, அதில் தமிழ் மாதம் சின்ன எழுத்தில் கீழே இருக்கும். கொன்றது சரியா என்ற என் மனைவியின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, அதை நீங்கள் உங்கள் வீட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று பொழுது சாயும் முன் கொள்ளிடத்தில் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர், நல்ல இழுப்பு. ரெங்கராசு முழுகி எழுந்து, முகத்தை வழித்துக்கொண்டே சொன்னான்.

"அடுத்த வருஷம் லீவு கேட்டு வாங்கிட்டு வரேம்ப்பா. ஆனா தேதிய நான்தான் எழுதுவேன்."

அடுத்த வருஷம் என்று அவனே சொன்னது போதும் எனக்கு. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

"நாட்காட்டிய நீ பாருடா. எழுதறது நான்" என்றேன்.