மூன்று முடிச்சு

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், மாரியம்மன் படத்துக்குக் கீழே, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ கலசம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அது படகு மோட்டாரின் விசிறி. தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளுகிற மூன்று இதழ் விசிறி. நான் திருடிக்கொண்டு வந்தது என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அம்மனுக்கு அன்றைக்கே தெரியும்.

கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் படகை ஓட்டியவன் என் மச்சான், தங்கச்சியின் புருஷன். பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். முழங்கால் அளவு ஓடையைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவன். ஆனாலும் தூரத்தில் ஒரு ஆமை மூச்சு வாங்கத் தலை நீட்டினால் அவன் கண்ணுக்குத்தான் முதலில் படும். உடனே மோட்டாரை நிறுத்திவிடுவான். "பெருமாளே எடுத்த உருவம் மச்சான், அது மேல ஏத்தலாமா?" என்பான். ஒருநாள் கண் தப்பிவிட்டது. ஓடு பிளந்த ஆமையை இடுப்புச் சாரத்தில் ஏந்திக்கொண்டு வந்தான். தங்கச்சி மஞ்சள் அரைத்துப் பூசினாள். மூன்றாம் நாள், கழுத்தை வெளியே நீட்டியபடியே அது செத்தது. அன்று அவன் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் கூண்டு செய்தான். பழுதாய்க் கிடந்த மேசை ஃபேனின் கம்பிக் கூண்டைக் கழற்றி, இன்னும் நாலு கம்பி வைத்து ஒட்டி, விசிறியைச் சுற்றிப் பூட்டினான். பிள்ளைகள் விரலை விடாமல் இருக்க ஃபேனுக்குக் கூண்டு இருக்கிறதே, ஆமைக்கும் அப்படித்தானே என்றான். படகின் வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். படகு முதலாளி கரையில் நின்று சிரித்தார். "என்னடா, மோட்டருக்கு முக்காடா? ஆமையக் காப்பாத்தப் போயி படகையே ஆமையாக்கிட்டியே!" நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கூண்டைப் பிடுங்கிப் பற்றைப் புதருக்குள் வீசினார்.

இரண்டு வாரம் கழித்து, அறுந்த வலையில் சிக்கிய ஒரு ஆமை விசிறியோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. மச்சான் மோட்டாரை நிறுத்தி, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலையை அறுத்துக்கொண்டிருந்தான். படகேற ஆட்கள் காத்திருந்தார்கள். "கொஞ்சம் பொறுங்க மொதலாளி, கை உள்ள இருக்கு" என்று அவன் சொன்னது கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. முதலாளி படகில் ஏறி, கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினார்.

ஆமை இரண்டாகப் போனது. மச்சானுக்கு வலது கையில் மூன்று விரல் போனது. கண்டி ஆஸ்பத்திரியில் அவன் கட்டோடு கிடந்தபோது முதலாளி எட்டிப் பார்க்கவில்லை. ஆள் மூலம் ஒரு வார்த்தை மட்டும் வந்தது: "ஆமைக்காகத்தானே கைய விட்டான்? ஆமைக்கிட்டயே போயி கேக்கச் சொல்லு."

அந்த வார்த்தையை நான் விழுங்கவில்லை. அடுத்த பௌர்ணமி, போயா விடுமுறை தினம், ஆளில்லாத நடுப்பகலில், கரையில் ஏற்றிக் கிடந்த படகிடம் போனேன். ஊசியாணியைப் பிடுங்கி நட்டைக் கழற்றினால் விசிறி கையோடு வந்துவிடும் என்று மச்சான்தான் ஒருமுறை காட்டியிருந்தான். வீட்டுக்கு வந்து தலை முழுகி, ஈரத்துணியோடு, காய்ந்த மிளகாய் ஒன்பது உள்ளே வைத்து, மஞ்சள் துணியில் அதைக் கட்டினேன். மூன்று முடிச்சுப் போட்டேன். ஒரு முடிச்சுக்கு முதலாளியின் ஒரு விரல் என்று அம்மனிடம் கேட்டேன்.

முதலாளி மூன்றாம் நாள் வந்தார். "எங்கடா என் சாமான்?" நான் சாமித்தட்டைக் காட்டினேன். "அங்கதான் இருக்கு. எடுத்துக்குங்க." அவரும் நம்ம ஆள்தான், அம்மன் தேருக்கு முன்வரிசையில் வடம் பிடிக்கிறவர். நீட்டிய கை பாதியில் நின்றது. நேர்ந்து கட்டியதைக் கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"என்னத்தக் கேட்டுக் கட்டுன?"

"அத அம்மன்கிட்டயே கேளுங்க."

கையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். வேறு விசிறி வாங்கினார், பூட்டத் துணியவில்லை. படகு கரையிலேயே காய்ந்தது. வேலை முடிந்து தினமும் அந்த வழியாகவே சுற்றி வந்தேன். அதைப் பார்ப்பது எனக்குப் பசியாறுகிற மாதிரி இருந்தது.

இறங்கி வந்தது மச்சான்தான். "கூண்டப் போட்டா அவிழ்த்துடுறோம்னு சொல்லுங்க, மச்சான்."

"போன வெரல் வருமா?"

"வராது. மிச்சம் இருக்கிற ஆமைக்குக் கழுத்தாவது இருக்கும்ல?"

போய்ச் சொன்னேன். முதலாளி சம்மதித்தார். இடது கையால் மச்சான் கம்பியை வளைக்க, நான் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்த அதே கரையில் முதலாளியே முழங்கால் போட்டுக் கூண்டைப் பூட்டினார். அன்று மாலை மச்சான் பக்கத்தில் நிற்க, இரண்டு முடிச்சை அவிழ்த்தேன். மூன்றாவதில் என் கை நின்றுவிட்டது. அவன் பார்த்தான்.

மச்சான் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. இன்று அந்தப் படகை முதலாளியின் மகன் ஓட்டுகிறான், கூண்டோடுதான். செத்த வீட்டுக்கு முதலாளி வந்திருந்தார். கிழவராகிவிட்டார். அம்மன் அவர் விரல் ஒன்றையும் எடுக்கவில்லை. ஆனால் பத்தையும் கக்கத்தில் ஒளித்துக்கொண்டே நின்றார். "இன்னும் ஒரு முடிச்சு இருக்காமே?" என்று மெதுவாகக் கேட்டார். "இருக்கு" என்றேன்.

விளக்கேற்றும்போது அம்மன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மச்சான் சொல்லித்தான் வாக்குக் கொடுத்தேன், அதைக் காக்கவில்லை. அது பாவம், தெரியும். மஞ்சள் துணி நைந்து போனால் அதன் மேலேயே புதுத்துணி சுற்றுகிறேன். முடிச்சைத் தொடுவதில்லை.